வீட்டில் கட்டிய ஸ்கூட்டர் எஞ்சினை ஏன் இரண்டாம் முறை பிரிக்க வேண்டி வருகிறது?

ஸ்பேனர்செட்

100 முதல் 125 சிசி வரை, காற்றில் குளிரும் நாலு ஸ்ட்ரோக், பெல்ட்டில் ஓடும் வண்டி. இந்த இழை அதற்கு மட்டும். இந்த எஞ்சினைப் பிரித்து மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மாட்டி முடித்து, கவுல் (வெளிமூடிகள்) எல்லாம் பூட்டி, சாவி போட்டபிறகு மறுபடி பிரிப்பதுதான் உயிரை எடுக்கும்.

மறுவேலை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, மூடும் முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் மூடியது. இன்னொன்று, ஒரு கோளாறும் இல்லாத எஞ்சினைச் சந்தேகத்தில் திறந்தது. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதையும் பேசுவோம்.

என் பங்குக்கு முதல் பிழை: பிஸ்டன் கிட் கைக்கு வரும் முன்பே பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) ரீபோருக்குக் கொடுப்பது, அதாவது தேய்ந்த போரை (அதன் உள்துளை) லேத்தில் பெரிதாக வெட்டக் கொடுப்பது. பிஸ்டன் ஓவர்சைஸ் (முதல் அளவைவிடக் கூடுதல்) 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று வரும். பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பிஸ்டன் நூலளவு முன்பின் இருக்கும். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே நமக்கு வேண்டிய இடைவெளியே 0.02 முதல் 0.04 வரைதான். அதில் 0.02 பிசகினால் ஒன்று சூட்டில் பிடித்துக்கொள்ளும், இல்லை பிஸ்டன் தட்டும். பிஸ்டனை லேத்துக்காரர் கையில் கொடுத்து, "இதை அளந்து இதற்கு வெட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். அளக்கும் இடம் பிஸ்டனின் தலை இல்லை. பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) அடியிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பின் ஓட்டைக்குக் குறுக்குத் திசையில். பிஸ்டன் வட்டமும் இல்லை, நேர் உருளையும் இல்லை. வேறு எங்கே அளந்தாலும் சின்ன எண்தான் வரும்.

மைக்ரான்

சரியான தொடக்கம். ஒன்று சேர்க்கிறேன்: வெர்னியரை வைத்துக்கொண்டு போர் அளந்தேன் என்று சொல்வதை நிறுத்துவோம். வெர்னியரின் உள்தாடை வளைந்த சுவரில் தட்டையாக உட்காரும், அதனால் எப்போதும் குறைத்தே காட்டும். போர் கேஜ் இல்லையென்றால் பிஸ்டன் ரிங்கையே கேஜாகப் பயன்படுத்தலாம்.

புது ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்கார வையுங்கள். முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) பாருங்கள். மேலே ரிங் திரும்பும் இடம், நடு, அடி என்று மூன்று உயரத்தில் பாருங்கள். போர் விட்டம் 0.10 கூடினால் ரிங் இடைவெளி அதன் 3.14 மடங்கு, அதாவது 0.31 மி.மீ. கூடும். ஆக, அடியில் 0.20 காட்டி மேலே 0.50 காட்டினால் போர் மேலே கிட்டத்தட்ட 0.10 தேய்ந்து கூம்பாகியிருக்கிறது. அந்தப் போரில் புது ரிங் போடுவது வீண் செலவு.

50 மி.மீ. போருக்கு மேல் ரிங் இடைவெளி 0.20 பக்கம் இருந்தால் நல்லது. 0.50 தாண்டினால் பெரும்பாலான மேனுவல்கள் மாற்றச் சொல்லும்.

புதுக்கை

அண்ணா, புது ரிங்கில் இடைவெளி 0.10தான் வருகிறது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கம்ப்ரஷன் நன்றாகத்தானே இருக்கும்? அப்படியே விடலாமா?

மைக்ரான்

விடக்கூடாது தம்பி. சூட்டில் ரிங் நீளும். இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் நீள இடம் இல்லாமல் சுவரை அழுத்தும். போரில் செங்குத்தாகக் கோடு விழும், மோசமானால் ரிங் பள்ளத்தின் மேல் விளிம்பே உடைந்து வரும். கூடுதலாக 0.05 இருந்தால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. குறைவாக 0.05 இருந்தால் எஞ்சின் போகும். எந்தப் பக்கம் பிசகலாம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்.

நுண்ணிய தட்டை அரத்தை வைஸில் பிடித்து, ரிங்கை அதன் மேல் தேய்க்க வேண்டும். ரிங்கைப் பிடித்துக்கொண்டு அரத்தை ஆட்டக்கூடாது. வெளிமுகத்திலிருந்து உள்ளே மட்டும், ஒரே திசையில். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை போரில் விட்டு அளந்து பார். கடைசியில் முனையின் பிசிரை நீக்கு.

நாலுஸ்ட்ரோக்

ரிங் பேச்சு வந்ததால் மூன்று விஷயம். ரிங் முனைக்கு அருகில் சின்ன எழுத்து ஒன்று இருக்கும், அது மேலே பார்க்க வேண்டும். இரண்டாவது ரிங்கின் முகம் கூம்பாக இருக்கும், ஆயிலைக் கீழே சுரண்டுவது அதன் வேலை. தலைகீழாகப் போட்டால் ஆயிலை மேலே சுரண்டும். புத்தம்புது கிட், புது போர், ஆனாலும் புகை. நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

ஆயில் ரிங் மூன்று துண்டு. நடுவில் வரும் நெளி வளையத்தின் இரண்டு முனையும் எதிரெதிரே முட்டி நிற்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் வளையம் சுருங்கி, மெல்லிய பட்டைகளுக்குச் சுவரை அழுத்தும் விசையே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் சரியாகவே தெரியும். பிஸ்டனைப் போருக்குள் விடும் கடைசி நொடியில்கூட இது ஏறிக்கொள்ளும், அதனால் விடுவதற்கு முன் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். மேல் ரிங், இரண்டாவது ரிங், நெளி வளையம் மூன்றின் முனைகளும் 120 டிகிரி தள்ளித் தள்ளி. இரண்டு பட்டைகளின் முனைகளை நெளி வளைய முனையிலிருந்து இடமும் வலமுமாக 20 மி.மீ. நகர்த்துங்கள்.

அடுத்தது கழுவுவது. ஹோனிங் (கல்லால் தேய்த்து உள்சுவரில் குறுக்குக்கோடு போடுவது) முடித்த போரைப் பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் போதும் என்று எழுதுகிறார்கள். போதாது. பெட்ரோல் ஆயிலைத்தான் கரைக்கும், கல்பொடி குறுக்குக்கோட்டுப் பள்ளத்துக்குள் அப்படியே தங்கும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ். நன்றாகத் தேய்த்து அலசி, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு உள்ளே துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி சோப்பு. வெள்ளையாகவே வந்த உடனே ஆயில் பூசிவிட வேண்டும். வார்ப்பிரும்புப் போர் ஈரத்தில் சில நிமிடத்திலேயே துருப் பிடிக்கும்.

புதுக்கை

என் பிளாக் முழுக்க அலுமினியம் மாதிரி தெரிகிறது. உள்ளே இரும்பு வளையம் இல்லை. இதை ஹோன் செய்யலாமா?

மைக்ரான்

காந்தத்தை உள்சுவரில் ஒட்டிப் பார். ஒட்டவில்லை என்றால் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சுப் போர். சாதாரணக் கல்லால் அதைத் தொடாதே, ரீபோரும் கிடையாது. பூச்சு முழுசாக இருந்தால் கழுவி, அந்த அளவுக்கான பிஸ்டனும் ரிங்கும் போடு. உரிந்திருந்தால் பிளாக்கோடு மாற்ற வேண்டியதுதான்.

டைமிங்குறி

பிளாக் பக்கம் முடிந்ததா? ஹெட்டுக்கு (பிளாக்கின் மேல் உட்காரும், வால்வுகள் உள்ள பகுதி) வருவோம்.

மேக்னட்டில் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) "டி" குறி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் குறி, எஞ்சின் கேஸில் உள்ள குறியோடு நேராக வரும்போது கேம் சக்கரத்தின் (வால்வுகளைத் திறக்கும் கேமைச் செயினால் சுற்றும் பல்சக்கரம்) கோடுகள் ஹெட்டின் மேல்முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து சாய்ந்து பார்த்தால் ஒரு பல் பிசகு கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டால் அதன் கனம் புரியும்: கேம் சக்கரத்தில் 30 பல் என்றால் ஒரு பல் 12 டிகிரி, கேம் ஒரு சுற்றுக்குக் கிராங்க் இரண்டு சுற்று என்பதால் கிராங்க் கணக்கில் 24 டிகிரி. வண்டி ஸ்டார்ட்கூட ஆகும், ஆனால் இழுக்காது. உடனே கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். பாவம் அந்தக் கார்புரேட்டர்.

குறி சரியாக இருந்தும் பிசகும் வழி ஒன்று உண்டு: குறி பார்க்கும்போது செயினின் இழுவைப் பக்கம் தொங்கிக்கொண்டிருப்பது. டென்ஷனர் (செயினைத் தொய்யாமல் தள்ளிப் பிடிப்பது) இறுகியதும் அந்தத் தொய்வு மறுபக்கம் போகும், குறி அரைப் பல் நகரும். அதனால் டென்ஷனர் போட்ட பிறகு, பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னட்டை ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி குறி பாருங்கள். சுற்றும்போது எங்காவது இரும்பில் முட்டின மாதிரி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அது வால்வு பிஸ்டனைத் தொடும் இடம். கிக்கரை மிதித்துத் தாண்டப் பார்க்காதீர்கள்.

டென்ஷனரைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி வைத்துத்தான் மாட்ட வேண்டும். நீண்ட நிலையிலேயே வைத்து இரண்டு போல்ட்டையும் இறுக்கினால் அது செயினை விறைப்பாக்கி, வழிகாட்டிப் பட்டையை வளைத்துவிடும். மாட்டியபின் பூட்டைத் திறக்க மறப்பது இதன் மறுமுனை. அப்போது செயின் கலகலவென்று அடிக்கும்.

டேப்பட் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி): பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும், ஒன்றுதான் நமக்கு வேண்டியது. கம்ப்ரஷன் முடிவில் இரண்டு ராக்கரும் (வால்வை அமுக்கும் கைகள்) கையால் அசைத்தால் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் வையுங்கள். அளவு மேனுவலில் உள்ளபடி, பல வண்டிகளில் 0.10க்கும் 0.15க்கும் இடையே. லாக் நட்டை இறுக்கியதும் திருகு கொஞ்சம் கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி ஃபீலர் விட்டுப் பாருங்கள்.

ஸ்பேனர்செட்

இதையும் ஹெட் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாக்குக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு டவல் பின் இருக்கும், வெற்றுக் குழாய் மாதிரி. பிரிக்கும்போது ஒன்று பழைய பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு லேத்துக்குப் போய்விடும். இல்லாமல் மாட்டினாலும் எல்லாம் பொருந்தினாற்போலவே இருக்கும். ஆனால் பேக்கிங் (இரண்டு முகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) அரை மில்லி நகர்ந்து உட்காரும். பல எஞ்சின்களில் கேமுக்கு ஆயில் ஏறுவது ஸ்டட்டைச் (ஹெட்டைப் பிடிக்கும் நீள மரைக் கம்பி) சுற்றிய அந்த இடைவெளி வழியாகத்தான். ஒரு பக்கம் கசியும், இன்னொரு பக்கம் கேம் வறண்டு தேயும். நாலு பின்னையும் எண்ணிவிட்டு மூடுங்கள்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது கிராங்க் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் லாக் (பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) மாட்டும்போதும் அதே துணி வேண்டும். லாக் தெறித்து உள்ளே விழுந்தால் அன்றைய வேலை அதோடு சரி. லாக் எப்போதும் புதுசு, அதன் வாய் பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேரே வரக்கூடாது.

சிலிக்கான் பசையைப் பற்றி: பேக்கிங் இருக்கும் இடத்தில் பசை வேண்டாம். வெளியே பிதுங்கி நிற்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது உதிர்ந்து ஆயில் வடிகட்டியில் போய் அடைக்கும்.

நாலுஸ்ட்ரோக்

முறுக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஹெட்டின் 8 மி.மீ. ஸ்டட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மூன்று படியில். பல எஞ்சின்களில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் முடியும், உங்கள் மேனுவல் சொல்வதே கடைசிச் சொல். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 பக்கம்தான். நீளக் கைப்பிடி ராட்செட்டில் 10 என்பது ஒரு விரல் பலம். அலுமினிய மரை போவது எல்லாம் 6 மி.மீ. போல்ட்டில்தான், 8இல் இல்லை. மேனுவல் மரையில் ஆயில் தடவச் சொன்னால் தடவுங்கள், சொல்லாவிட்டால் காய்ந்த மரை. ஆயில் போட்ட மரை அதே முறுக்கத்தில் ஸ்டட்டை அதிகமாக இழுக்கும்.

பெல்ட்பக்கம்

எஞ்சின் ஆட்கள் யாரும் இடது பக்கம், அதாவது பெல்ட் இருக்கும் பக்கம், வருவதில்லை. எஞ்சின் அருமையாகக் கட்டி, நூறு கிலோமீட்டரில் கிராங்க் முனையின் வரிப்பல் (புல்லியைப் பிடிக்கும் நீளவாட்டப் பற்கள்) மழுங்கி, கிராங்கோடு மாற்ற வேண்டி வருவது இங்கே நடக்கும் ஒரே ஒரு தவறால்.

வேரியேட்டர் (கிராங்க் முனையில் உள்ள முன் புல்லி) நடுவில் ஒரு உருளைக் குழாய் இருக்கிறது. வெளிமுகம், அதாவது விசிறிப் பல் உள்ள தட்டு, அந்தக் குழாயின் நுனியில் போய் முட்ட வேண்டும். நட் இறுக்குவது அந்த முட்டலை. பெல்ட் தொய்வில்லாமல் இருந்தால் முன் புல்லியின் இரண்டு முகத்துக்கும் நடுவே ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும், தட்டு குழாயைத் தொடாது. நீங்கள் முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் சரியாகவே "டிக்" என்று சொல்லும். இறுகியது ரப்பரின் மேல். எஞ்சின் ஓடியதும் பெல்ட் நகரும், தட்டு உள்ளே போகும், நட் தொளதொளக்கும், வரிப்பல் மெல்லப்படும்.

செய்ய வேண்டியது: பின் புல்லியின் இரண்டு முகத்தையும் கையால் பிரித்து, பெல்ட்டை அதன் ஆழத்துக்குள் அமுக்குங்கள். அமுங்கிய நிலையிலேயே பெல்ட்டின் இரண்டு ஓட்டத்தையும் சேர்த்து ஒரு கேபிள் டை போடுங்கள். முன்பக்கம் பெல்ட் தொங்கும். இப்போது தட்டை மாட்டி, நட்டைக் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். நட்டுக்கு வெளியே கிராங்க் மரை பிரிக்கும் முன் எத்தனை தெரிந்ததோ அத்தனை தெரிய வேண்டும். முறுக்கி முடித்த பிறகும் முன்பக்கப் பெல்ட்டை விரலால் ஆட்ட முடிய வேண்டும். ஆடவில்லை என்றால் கழற்றி முதலிலிருந்து.

விசிறிப் பல்லுக்குள் ஸ்க்ரூடிரைவர் சொருகிப் பிடிக்காதீர்கள், உடையும். பிடிக்கும் கருவி இல்லாதவர்கள் பிளக் ஓட்டை வழியாக மெல்லிய பருத்திக் கயிற்றை விட்டுப் பிஸ்டனை நிறுத்துவது உண்டு. அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மட்டும், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கயிறு வால்வை வளைக்கும். கயிற்றின் மறுநுனி வெளியில் இருக்கட்டும்.

கியர் ஆயில் தனி. பின்சக்கரப் பெட்டியில் 100 முதல் 120 மி.லி. இருக்கும். எஞ்சின் ஆயிலோடு இதற்குத் தொடர்பே இல்லை. வடித்தவர்கள் ஊற்ற மறந்துவிடுகிறார்கள்.

ரெண்டுஸ்ட்ரோக்

இழை நாலு ஸ்ட்ரோக்குக்குத்தான், தெரியும். இரண்டு வரியில் போய்விடுகிறேன். எங்கள் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் சீல் கசிந்தால் ஆயில் ஒழுகாது, காற்று உள்ளே போகும். கலவை வறண்டு, புது பிஸ்டன் மறுபடி பிடிக்கும். மூன்றாவது பிஸ்டன் வாங்குவதற்கு முன் இன்டேக்கையும் சைலன்சர் வாயையும் அடைத்து 0.4 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சில நிமிடம் நிற்க வேண்டும். பிஸ்டன் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் முனைகள் பள்ளத்தில் உள்ள குத்தூசிக்கு இரு பக்கமும். அவ்வளவுதான்.

மைக்ரான்

நாலு ஸ்ட்ரோக்குக்குத் திரும்புவோம். கேஸையே (கிராங்க் இருக்கும் கூடு) பிளந்தவர்களுக்கு: பேரிங் எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் புதுசிலும் சி3 இருக்க வேண்டும். உள்ளே கூடுதல் தளர்வு உள்ள பேரிங் அது. சாதாரணப் பேரிங்கை இறுக்கமான கேஸில் போட்டால் அந்தத் தளர்வு தீர்ந்து, சூட்டில் ஊளையிடும். கேஸை 80 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்கைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் தானே விழும். விழாவிட்டால் வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள். உள்வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் போடும். கிராங்க்கைச் சுத்தியால் உள்ளே அடிக்கவே கூடாது, இழுத்து மாட்டுங்கள். அடித்தால் கிராங்கின் இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று திரும்பிவிடும்.

புதுக்கை

எல்லாம் சரியாகச் செய்தேன் என்றே நினைக்கிறேன். ஸ்டார்ட் ஆனது. ஆனால் சைலன்சரில் வெள்ளைப் புகை கொட்டுகிறது. ரிங் எழுத்து மேலேதான் வைத்தேன். மறுபடி பிரிக்கட்டுமா?

ஸ்பேனர்செட்

பிரிக்காதே! நான் முதலில் சொன்ன இரண்டாவது வகை இதுதான். பழைய எஞ்சின் ஆயில் எரித்துக்கொண்டிருந்ததால்தானே பிரித்தாய்? அந்த ஆயில் சைலன்சர் உள்ளே படிந்திருக்கிறது. சைலன்சர் சூடேறி அது முழுக்க எரியும் வரை புகை வரும். அரை மணி நேரம் சாலையில் ஓட்டினால் குறைகிறதா என்று பார். நின்ற இடத்தில் ஐடிலில் விட்டால் சைலன்சர் அந்தச் சூட்டை எட்டாது.

குறையவில்லை என்றால் எப்போது புகைகிறது என்று கவனி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல். நீள இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து மறுபடி முறுக்கும்போது வந்தால் வால்வு கைடு அல்லது சீல். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால்தான் ரிங். முதல் இரண்டுக்கும் பிளாக்கைத் தொட வேண்டியதே இல்லை. ஆயில் அளவையும் பார், அளவுக்கு மேல் ஊற்றினால் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் அங்கிருந்து எரியும்.

டைமிங்குறி

கம்ப்ரஷன் கேஜ் வைக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வை. மூடி வைத்து அளந்து "குறைவு" என்று ஹெட்டைக் கழற்றியவர்கள் உண்டு. கேமில் தானியங்கி டீகம்ப்ரஷர் (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடுவது) இருந்தால் கேஜ் எப்படியும் குறைத்தே காட்டும், அந்த எண்ணை மேனுவலோடு மட்டும் ஒப்பிடு. குறைவாகவே இருந்தால் பிளக் ஓட்டையில் 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

அதைவிடத் தெளிவான வழி, கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திப் பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட்டுக் காது கொடுப்பது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். மேக்னட்டைப் பிடித்துக்கொள், காற்று சுற்றிவிடும்.

நாலுஸ்ட்ரோக்

புது ரிங் போட்டவர்கள் முதல் நாள் ஒரு மணி நேரம் ஐடிலில் விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரிப்பு அழுத்தம். ஐடிலில் அது இல்லை. பள்ளங்கள் வெறுமனே மழுங்கி, சுவர் கண்ணாடி ஆகிவிடும். பிறகு ரிங் உட்காரவே உட்காராது, மறுபடி ஹோனிங்.

ஸ்பேனர்செட்

அதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஐடில் வேண்டாம், சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு முதல் கிலோமீட்டரிலேயே முழு ஆக்சிலரேட்டர் முறுக்குகிறார்கள். காற்றில் குளிரும் எஞ்சினில் பிஸ்டன் சீக்கிரம் சூடேறி விரியும், பிளாக் மெதுவாக. இரண்டு நிமிடம் சூடேற்று, பிறகு பாதி முதல் முக்கால் வரை முறுக்கி, விட்டு, முறுக்கி, விட்டு. நீளமான ஒரே வேகம் வேண்டாம்.

நாலுஸ்ட்ரோக்

சமாதானம். முதல் ஆயிலை மட்டும் 100 கிலோமீட்டருக்குள் சூடாக வடித்துவிடுங்கள். கையில் தேய்த்தால் வெள்ளிப்பொடி தெரியும். பொடி என்றால் பரவாயில்லை, செதில் என்றால் நிறுத்திப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, பிளக் கேப்பை எர்த்தில் வைத்து, சில விநாடி செல்ஃப் அடித்து டேப்பட் மூடி வழியாகக் கேமுக்கு ஆயில் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு பிளக்கைப் போடுங்கள்.

புதுக்கை

நாற்பது நிமிடம் ஓட்டினேன். புகை நின்றது. ஏற்றத்தில் இல்லை, காலையிலும் இல்லை. ஆனால் விசிறி மூடியின் தகரத்தை இன்னும் மாட்டவில்லை, ஏதாவது பார்க்க வேண்டி வருமோ என்று.

பெல்ட்பக்கம்

இப்போதே மாட்டு. அந்தத் தகரம்தான் விசிறிக் காற்றைப் பிளாக்கின் துடுப்புகளுக்கு நேரே தள்ளுகிறது. அது இல்லாமல் நாற்பது நிமிடம் ஓட்டியிருக்கிறாய். நாளைக் காலை ஆறின எஞ்சினில் டேப்பட் இடைவெளியை ஒருமுறை அளந்து, முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு இங்கே போடு.